வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும்: மட்டக்களப்பு மாவட்டச் செயலாளருக்கும் பிரதேச செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும் மாவட்டத்தின் 14 பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

அரசாங்கக் கட்டணங்களை இணையவழியாகச் செலுத்துவதற்கான கவ்பே முறை 2025 பெப்ரவரி 7 ஆம் திகதி தொடங்கிவைக்கப்பட்டபோது 16 நிறுவனங்களே அதில் இணைந்திருந்தன. அதன் பிறகு திணைக்களங்களும் உள்ளூராட்சி சபைகளும் பிரதேச செயலகங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வருகின்றன. காசு கைமாறாத இடத்தில் இலஞ்சத்துக்கு வழியில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் ஒரு சாதாரண குடிமகன் இலஞ்சம் கொடுக்க நேரும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவை கட்டணம் செலுத்தும் கருமபீடத்தில் ஏற்படுவதில்லை. அவை எங்கே ஏற்படுகின்றன என்பதையும், கொழும்பின் உத்தரவுக்குக் காத்திராமல் மாவட்ட மட்டத்திலேயே தாங்கள் அதை எவ்வாறு மாற்றலாம் என்பதையும் எடுத்துரைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பலன் தந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வீதிப் போக்குவரத்துத் தண்டப்பணத்தை அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியில் செலுத்தும் ஏற்பாடு 2025 ஏப்ரலில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. அதற்கு முன்னர், வாகரையிலிருந்து புறப்பட்ட ஒருவர் தம்புள்ளைப் பக்கம் பிடிபட்டால் அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸாரிடம் விட்டுவிட்டு, தபாலகத்தில் தண்டம் கட்டி, பற்றுச்சீட்டோடு மறுபடியும் அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய்த்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. தண்டப்பணத்தை விட அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் வீதியோரத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். அனுமதிப்பத்திரம் அப்போதே கையில் திரும்பிவிடும் என்றால் அந்தத் தாளை நீட்டும் அவசியம் இல்லாமற் போய்விடுகிறது. இலஞ்சம் என்பது பெரும்பாலும் அலைச்சலுக்குக் கொடுக்கும் விலை என்பதை இந்த ஓர் ஏற்பாடு நன்றாகவே காட்டுகிறது.

இதே அளவுகோலைப் பிரதேச செயலகத்துக்கு வைத்துப் பாருங்கள். அங்கே அறவிடப்படும் அரச கட்டணங்கள் சொற்பமானவை. அவற்றைத் தவிர்ப்பதற்காக யாரும் இலஞ்சம் கொடுப்பதில்லை. கொடுக்கப்படுவதெல்லாம் விண்ணப்பக் கோவை மேசைவிட்டு மேசை நகர்வதற்காகத்தான். ஆகவே கட்டணத்தை மட்டும் இணையத்துக்குக் கொண்டுபோய், கோவையைப் பழையபடி மேசை இழுப்பறைக்குள்ளேயே விட்டுவைத்தால், பற்றுச்சீட்டு மட்டும் நவீனமாகும். அலைச்சல் அப்படியே இருக்கும்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் போட்டோக்கொப்பி எடுத்தும் விண்ணப்பங்கள் நிரப்பியும் கொடுக்கும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். பிறப்புச் சான்றிதழ் பிரதி, அடையாள அட்டை, வாகன வருமான உத்தரவுப்பத்திரம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு, காணி அலுவல் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் வருவார்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. "இதுக்கு ஆரப் புடிச்சா வேல நடக்கும்?" என்று கேட்பவர்களே அதிகம். இந்தக் கேள்வி யாரும் கற்றுக்கொடுத்து வந்ததன்று. சட்டப்படி போனால் என்ன நடக்கும் என்று எதுவுமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆளைப் பிடிப்பது ஒன்றுதான் தெரிந்த வழியாக மிஞ்சுகிறது.

காணி அனுமதிப்பத்திர விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் எங்கள் பக்கத்தில் இதைவிடக் கசப்பான அலுவல் வேறில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களை வைத்தே படுவான்கரையின் பல குடும்பங்கள் வயல் செய்கின்றன. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் பின்னுரித்தாளரின் பெயருக்கு அது மாற்றப்பட வேண்டும். மனைவி ஒரு சொப்பிங் பேக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். அதற்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்த, ஊதா முத்திரை அரைவாசி அழிந்த அனுமதிப்பத்திரம் ஒன்று இருக்கும். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் சம்மதக் கடிதங்கள், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் கடிதம், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பிரதிகள் என்று மற்றவையும் இருக்கும். இவ்வளவையும் ஒப்படைத்த பின்னர் அவரிடம் எஞ்சுவது என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுகூட இல்லாமல் வீடு திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு.

அதன் பிறகு கள விசாரணை, காணி உத்தியோகத்தரின் அறிக்கை, பிரதேச செயலாளரின் பரிந்துரை, தேவைப்பட்டால் மாகாணக் காணி ஆணையாளர் அலுவலகம், நில அளவைத் திணைக்களம் என்று கோவை பயணிக்க வேண்டும். "கோவை மேலிடத்துக்குப் போயிருக்கு, மறுகா வந்து பாருங்க" என்று சொல்லப்படும். எந்த மேலிடம், எந்தத் திகதியில் போனது, மறுகா என்றால் எப்போது என்று கேட்கும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை. கேட்டாலும் பதிலைச் சரிபார்க்க வழியில்லை. இடைத்தரகர் நுழைவது சரியாக இந்த இடத்தில்தான். அவர் முதலில் விற்பது செய்தியை மட்டுமே: உங்கள் கோவை எங்கும் போகவில்லை, இன்ன மேசையில்தான் கிடக்கிறது என்ற செய்தி. அதற்கு ஒரு சிறு தொகை. அந்தச் செய்தி உண்மையாகவும் இருந்துவிட்டால் நம்பிக்கை பிறந்துவிடும். அடுத்ததாகக் கோவையை நகர்த்துவதற்கான விலை பேசப்படும். அதில் உள்ளே யாருக்கும் பங்கு போகிறதா, அல்லது உத்தியோகத்தரின் பெயரைச் சொல்லித் தரகரே முழுவதையும் வைத்துக்கொள்கிறாரா என்பதைக் கொடுத்தவர் ஒருபோதும் அறியமாட்டார். நேர்மையான உத்தியோகத்தர்களின் பெயரும் கெடுவது இப்படித்தான்.

ஆகவே எனது வேண்டுகோள் மிக எளியது. ஒவ்வொரு விண்ணப்பமும் எந்த மேசையில், எந்தத் திகதியிலிருந்து, வரிசையில் எத்தனையாவதாக இருக்கிறது என்பதை விண்ணப்பதாரர் யாருடைய தயவும் இல்லாமல் பார்க்கக்கூடியதாக்குங்கள்.

உலகத்தில் இது புதிய யோசனையே இல்லை. தென்கொரியாவின் சோல் மாநகர நிர்வாகம் 1999 ஆம் ஆண்டிலேயே கட்டட அனுமதி போன்ற விண்ணப்பங்கள் எந்த உத்தியோகத்தரிடம் எப்போது சென்றன, எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்பதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. இந்தியாவில் கர்நாடக மாநிலத்தின் பூமி திட்டம் எங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்காளர்களின் கைகளில் இருந்த, சுமார் 67 இலட்சம் விவசாயிகளுக்குரிய இரண்டு கோடிக் காணிப் பதிவுகள் அங்கே கணினிக்கு மாற்றப்பட்டன. 15 ரூபாய் கொடுத்தால் பதிவின் பிரதி கிடைத்தது. அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று மென்பொருளுக்குள்ளே இருந்தது: உரிமை மாற்ற விண்ணப்பங்களை வந்த ஒழுங்கிலேயே கையாள வேண்டும், பின்னால் வந்ததை முன்னால் எடுக்க அது இடம்கொடுக்காது. ஆனால் அங்கேயும் கள விசாரணை பழைய கிராமக் கணக்காளரிடமே இருந்ததால், பிரதி எடுப்பதில் ஒழிந்த இலஞ்சம் உரிமை மாற்றத்தில் முழுமையாக ஒழியவில்லை. கணினி வைத்த இடத்தில் மட்டும்தான் மாற்றம் வரும் என்பதால், கிராம உத்தியோகத்தரின் மேசையிலிருந்தே வரிசை பதியப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

இதற்குப் பெரிய கேள்விப்பத்திரமோ கோடிக்கணக்கான நிதியோ தேவையில்லை. எல்லா அலுவலகங்களிலும் தபால் பதிவேடு இருக்கிறது. வருகின்ற கடிதங்கள் திகதியோடு அதில் பதியப்படுகின்றன. பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருக்கிறார்கள். விண்ணப்பம் கையேற்கப்படும்போது இலக்கமும் திகதியும் இட்ட ஒரு துண்டைக் கொடுத்து, அதே இலக்கத்தைச் சாதாரண கணினி அட்டவணையொன்றில் பதிந்து, கோவை மேசை மாறும் ஒவ்வொரு முறையும் திகதியைச் சேர்த்து, வாரம் ஒருமுறை அந்த அட்டவணையை அலுவலக இணையத்தளத்தில் ஏற்றினாலே போதும். அதன் அச்சுப் பிரதியொன்று அறிவித்தல் பலகையில், பிரஜைகள் சாசனம் தொங்கும் சுவரிலேயே ஒட்டப்படட்டும். இந்தக் காரியம் இத்தனை நாட்களில் முடியும் என்று சாசனம் சொல்கிறது. உண்மையில் எத்தனை நாட்கள் எடுத்தன என்பதும் அதன் பக்கத்திலேயே தெரிந்தால் மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். பெயரோ முகவரியோ போட வேண்டாம், இலக்கம் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் காலத்தில் இதில் நாம் கவனமாகவே இருக்க வேண்டும்.

சில வேளைகளில் ஒரு கோவையை முந்தி எடுக்கத்தான் வேண்டியிருக்கும். சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர், பல்கலைக்கழகப் பதிவுக்கு நாள் நெருங்கிய பிள்ளை, வெள்ளத்தில் வீடிழந்தவர் ஆகியோரை வரிசையில் நிற்கச் சொல்வது நியாயமாகாது. முந்தி எடுக்கட்டும், எடுத்த உத்தியோகத்தரின் பதவியும் காரணமும் அதே அட்டவணையில் ஒரு வரியாகப் பதியப்படட்டும். அரசியல்வாதி ஒருவரின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து இதை இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்று கேட்கும்போது, வரிசை வெளியில் தெரிகிறது, காரணம் எழுத வேண்டியிருக்கிறது என்று பதில் சொல்வதற்கு உத்தியோகத்தருக்கும் அது ஒரு பிடிமானமாகும். இதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

நிராகரிப்பு விடயத்தில் அஸ்வெசும ஒரு பாடத்தைத் தந்திருக்கிறது. 2023 இல் அது நடைமுறைக்கு வந்தபோது, 22 குறிகாட்டிகளை வைத்துக் கணினி புள்ளியிடும், பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகும், இடையில் யாருடைய கையும் இல்லை என்று விளக்கப்பட்டது. பணம் நேரே கணக்குக்குப் போவது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஆனால் தள்ளப்பட்ட குடும்பத்துக்கு எந்தக் குறிகாட்டியில் தள்ளப்பட்டோம் என்பது விளங்கவில்லை. கேட்ட இடத்தில் "கொம்பியூட்டர் எடுக்கல்ல" என்ற பதிலே கிடைத்தது. முன்பு மேலிடம் என்று சொல்லப்பட்ட இடத்தில் இப்போது கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும், எந்த ஆவணம் குறைகிறது அல்லது எந்த நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்பது ஒரு வசனத்திலாவது எழுத்தில் தரப்பட வேண்டும். வாயால் சொல்லும் குறை ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது. எழுதிக் கொடுத்த குறை மாறாது.

அந்த வசனம் தமிழில் இருக்க வேண்டும். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை சொல்கிறது. இருந்தும் அரச இணையச் சேவைகளிலிருந்து எங்கள் ஊர்த் தொலைபேசிகளுக்கு வரும் குறுஞ்செய்திகள் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் இருப்பவற்றிலும் சில, மூலத்தைத் தேடிப் பார்த்தால்தான் விளங்கக்கூடியவை. அதை வாசித்துச் சொல்ல ஒருவர் தேவைப்படும்போது அங்கேயும் ஒரு தரகுக்கு வாசல் திறக்கிறது.

இந்த இடத்தில் எனது தொழிலைப் பற்றியும் பேசியாக வேண்டும். இணையச் சேவைகள் வந்தால் தரகர் ஒழிவார் என்று எண்ணப்பட்டது. கிராமங்களில் அவரது இடத்துக்கு வந்திருப்பது கொமினிக்கேஷன் கடை. மின்னஞ்சல் முகவரி இல்லாத, கைத்தொலைபேசி மகனோடு கட்டாருக்குப் போய்விட்ட ஒரு தாய், கணக்குத் திறப்பதற்குக் கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையே கொடுக்க வேண்டியிருக்கிறது. இரகசிய இலக்கம் கடைக்காரருக்கு வருகிறது. கடவுச்சொல் கடைக்கொப்பியில் எழுதப்படுகிறது. கடைக்காரர் நல்லவரானால் பிரச்சினையில்லை என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகாது. தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகும் நாட்டில் இது சிறிய விடயமும் அன்று. எனவே வாரத்தில் ஒரு நாளாவது கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஒரு கணினியோடு ஓர் உத்தியோகத்தர் அமர்ந்து, இலவசமாக இந்த உதவியைச் செய்வதற்கு ஏற்பாடு செய்யுங்கள். என் கடைக்கு வரும் கூட்டம் குறையும். குறையட்டும், போட்டோக்கொப்பிக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். அதேபோலக் காகித விண்ணப்பத்தை ஏற்கும் கருமபீடமும் மூடப்படக் கூடாது. குறுமண்வெளிப் படகுத்துறையைக் கடந்து காகிதத்தோடு வந்தவரின் இலக்கமும், வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் அனுப்பியவரின் இலக்கமும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

தனிமனித விண்ணப்பங்களை விட்டு, ஊர் முழுவதையும் பாதிக்கும் ஒன்றுக்கு வருகிறேன். ஆற்று மணல் அகழ்வதற்கும் கொண்டுசெல்வதற்கும் 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். கிரான் பக்கமும் செங்கலடிப் பக்கமும் டிப்பர்கள் போய்வரும் வீதிகளில் நிற்கும் கிராமத்தவருக்குத் தெரியாதது என்னவென்றால், இந்த டிப்பருக்கு எந்த இடத்தில், எத்தனை கியூப், எந்தத் திகதிவரை அனுமதி இருக்கிறது என்பதுதான். சாரதி ஒரு காகிதத்தைக் காட்டுவார்; அது இந்த மாதத்துக்கா போன மாதத்துக்கா, இந்த ஆற்றுக்கா வேறு இடத்துக்கா என்று வெயிலில் நின்று யார் வாசிப்பது? அனுமதிப்பத்திரங்களை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமே என்றாலும், பிரதேச செயலகங்களுக்கும் அதன் விபரம் வந்துசேர்கிறது. அகழும் இடம், அளவு, முடிவுத் திகதி, வாகன இலக்கம் ஆகிய நான்கையும் வெளியிட்டுவிட்டால் கண்காணிப்பதற்குத் தாங்கள் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் வயல் வைத்திருப்பவர்களே போதும். கொங்கிறீட் வீதி, வடிகான், பொதுக் கட்டட வேலைகளுக்கும் இதுவே பொருந்தும். சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை பற்றிய மதிப்பீட்டறிக்கை, அரச கொள்முதல் ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிடுமாறு இலங்கை அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தது. கொழும்பின் பெரிய ஒப்பந்தங்களுக்குச் சொன்ன மருந்து, எங்கள் ஊரின் இருநூறு மீற்றர் வீதிக்கும் வேலை செய்யும்.

பதிவுகளின் பாதுகாப்பையும் மறந்துவிட வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளி, போர்க்காலம், 2004 ஆழிப்பேரலை என்று இந்த மாவட்டம் காகிதங்களை இழந்த வரலாறு நீண்டது. பேரேடு அழிந்த காணிக்கு யார் வேண்டுமானாலும் கதை சொல்லலாம் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் நாங்கள். கணினியும் தானாகப் பாதுகாப்புத் தந்துவிடாது. 2023 இல் அரசாங்கத்தின் முகிற்கணினிச் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கப்பட முடியாமற் போயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. மாவட்டத்தின் அட்டவணைகளுக்கு வேறோர் இடத்தில் பிரதி வைக்கப்படட்டும்.

இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அழைக்கலாம்தான், 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆணைக்குழுவுக்குப் பரந்த அதிகாரங்களையும் கொடுத்திருக்கிறது. ஆனால் இலஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதால், கொடுத்துவிட்டவர் வாய் திறப்பதில்லை. கொடுக்க மறுத்தவரும் அடுத்த வருடம் அதே மேசைக்கு வரவேண்டியவர் என்பதால் தயங்குகிறார். முறைப்பாடும் பெட்டிசனும் ஒருவரைக் குறிவைத்து எழுத வேண்டியவை. வரிசையைப் பார்ப்பதற்கு யாரையும் பகைக்க வேண்டியதில்லை.

தொடக்கத்திலேயே எல்லாச் சேவைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காணி அனுமதிப்பத்திரப் பின்னுரித்து மாற்றம் என்ற ஒரு சேவையை மட்டும், மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று ஆகிய மூன்று படுவான்கரைப் பிரிவுகளில் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தற்போது நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றுள் மிகப் பழையது எந்த ஆண்டில் கையேற்கப்பட்டது, கடந்த ஆண்டில் முடித்துக் கொடுக்கப்பட்டவை எத்தனை என்ற மூன்று விபரங்களோடு முதல் அட்டவணை வெளிவரட்டும். இதே மூன்று விபரங்களையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று பிரதேச செயலகங்களின் தகவல் அதிகாரிகளிடமும் எழுத்தில் கோரவுள்ளேன். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்னரே தாங்கள் அவற்றை வெளியிட்டுவிட்டால் எனது விண்ணப்பத்துக்கு வேலை இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பம் நிரப்பும் கடைக்காரர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.